கல்யாணக் கார்டுக்குக் குறிப்பு எழுதுகிறவள்

விசேஷ வீடுகளில் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால் எனக்குச் சின்னதாக ஒரு எரிச்சல் வரும். சாஃப்ட்வேர் என்று சொன்னால் போதும், எந்தக் கம்பெனி, சிறுசேரியா சோழிங்கநல்லூரா, வெளிநாடு போனீர்களா என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் குரோம்பேட்டை வரைக்கும்தான் போகிறேன். ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடைகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிறோம். கம்ப்யூட்டர் மூலையில் குட்டியாக ஒரு பெட்டி வந்து, இதை இப்படிச் செய்தால் சுலபம் என்று சொல்லும் இல்லையா, அதில் இருக்கிற வாசகத்தை எழுதுவது நான். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் பந்திக்கு இடம் பிடிக்கப் போயிருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு இதில் தனிக் குஷி. எழுதியதைப் படிக்காமல் மூடுவதற்கென்றே ஒரு பட்டனையும் சேர்த்துக் கொடுக்கிற ஒரே எழுத்தாளர் என்று தன் நண்பர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். நான் முறைப்பேன். அவர் சிரிப்பார். ஆனால் எனக்கு இந்த வேலை பிடிக்கும், அதுவும் சாதாரணமாக இல்லை. ஒரே வரியில், அவசரத்தில் இருக்கிற ஒருத்தருக்கு, அவர் கோபித்துக்கொள்ளாத மாதிரி ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். காலையில் ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே ஏதாவது ஒரு வரி மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடும்.

நான் சேர்ந்தபோது அந்தப் பெட்டிகளில் இருந்த தமிழைப் படித்தால் காய்ச்சல் வரும். ‘விருப்ப அமைவுகளைத் தெரிவுசெய்து தங்கள் செயல்திறனை மேம்படுத்துக’ என்று ஒன்று. ஒரு கையால் பேப்பர் எண்ணிக்கொண்டு, தோளில் போனை இடுக்கிக்கொண்டு கார்டு அடிக்கிற மனுஷி இதைப் படித்து எதை மேம்படுத்துவார்? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். ‘பெயர் நீளமா? எழுத்தைச் சின்னதாக்காதீர்கள், இரண்டு வரியாகப் பிரியுங்கள். தாய்மாமன் சண்டைக்கு வர மாட்டார்’ என்று எழுதினேன். எங்கள் முதலாளி படித்துவிட்டு, இது சாஃப்ட்வேரா வாரப் பத்திரிகையா என்றார். ஆனால் மாற்றச் சொல்லவில்லை.

எங்களுக்கு புரோகிராம் எழுதுகிறவர் தாம்பரத்துக்காரர். என்னை மேடம் என்பார், மரியாதை அந்தச் சொல்லோடு சரி. வருஷா வருஷம் புது வெர்ஷன் போடும்போது, “யாரு மேடம் இத படிச்சிகினு கீறாங்க? தூக்கிடலாம்” என்று ஆரம்பிப்பார். நான் அவரோடு ஒரு மணி நேரமாவது சண்டை போட்டுப் பெட்டியைக் காப்பாற்றுவேன். அது எங்கள் ஆபீசில் ஆயுத பூஜை மாதிரி, வருஷம் தவறாமல் நடக்கும்.

போன வைகாசியில் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு போன் வந்தது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் பிரஸ் வைத்திருக்கிற பாய், எங்களுடைய பழைய கஸ்டமர். சுற்றுவட்டாரத்தில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் கடைக் கார்டுதான். வளர்பிறை முகூர்த்தம் எது, தேய்பிறை முகூர்த்தம் எது என்று காலண்டர் பார்க்காமல் சொல்லுவார். நான் அவரிடம் கேட்டுத்தான் எங்கள் வீட்டு விசேஷங்களுக்கே நாள் குறித்திருக்கிறேன். அன்றைக்கு அவர் குரலே சரியில்லை. ஒரு கார்டில் பெண்ணுடைய அப்பா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ என்று அச்சாகிப் போய்விட்டது. இறந்தவர்களுக்குப் போடுகிற வார்த்தை. அந்த அப்பா நல்லபடியாக உயிரோடு இருந்து, தானே ஊர் ஊராகப் போய்க் கார்டு வைத்துக்கொண்டிருந்தவர்.

இனிஷியல், படிப்பு, மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் அந்த வீட்டில் ஆளுக்கொரு தடவை சரிபார்த்திருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் இருப்பதை ஒருத்தரும் படிக்கவில்லை. காஞ்சிபுரத்திலிருந்து ஒரு அத்தை கார்டைப் பார்த்துவிட்டு போன் போட்டு, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று அழுதிருக்கிறார். போனை எடுத்ததே அந்த அப்பாதான். இதைக் கேட்டு எனக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. பாய் சிரிக்கவில்லை. கார்டு முழுவதையும் மறுபடி அடித்துக் கொடுத்துவிட்டார், ஆனால் அந்தக் குடும்பம் கடை வாசலில் நின்று பேசிய பேச்சு அவருக்கு ஆறவில்லை.

அவர் கடையில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கார்டு அடிக்கிறவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஊரப்பாக்கத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், நான் அக்கா என்று கூப்பிடுவேன். பல வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். வீடு ஓடுவதே அவர் சம்பளத்தில்தான். இந்த ஆனி மாதம் முடிகிறவரைக்கும் இரு, ஆவணி சீசனுக்கு வேறு ஆள் பார்த்திருக்கிறேன் என்று பாய் சொல்லிவிட்டாராம். அக்கா என்னிடம் இதைப் போனில், மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். நான் அடுத்த நாளே மின்சார ரயில் ஏறி கூடுவாஞ்சேரிக்குப் போனேன்.

பாயிடம் நான் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது, சண்டைதான். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் பெயர் அடித்திருப்பார், ஒரே ஒரு தடவைக்கு வேலையை விட்டு அனுப்புவீர்களா என்று கேட்டேன். உயிரோடு இருக்கிற மனுஷனைப் பேப்பரில் சாகடித்தால் அது ஒரு தடவைதான் நடக்க முடியும், இரண்டாவது தடவை கடை இருக்காது என்றார் அவர். நியாயம்தான். கடைசியில் நான் ஒன்று கேட்டேன். இந்தத் தப்பு நடக்காத மாதிரி எங்கள் சாஃப்ட்வேரிலேயே ஒரு குறிப்பு வைக்கிறோம், அதற்குப் பிறகும் நடந்தால் உங்கள் இஷ்டம். அவர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. செய்ங்க பார்க்கலாம் என்றார்.

அன்றைக்கு முழுக்க அக்காவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு அவர் பெருக்கப் போய்விடுகிறார். அந்த நேரத்தில்தான் என் பெட்டி திறந்து, ‘வணக்கம், இன்றைய குறிப்பு’ என்று யாருமில்லாத நாற்காலியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறது. பாயின் தம்பி வந்து அதை மூடிவிட்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிறார். இத்தனை வருஷமாக நான் யோசித்து யோசித்து எழுதியதன் கதி இதுதான். எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கியிருப்பேன்.

கார்டு அடிக்கிற விதமும் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. ‘புதிய கார்டு’ என்று நாங்கள் பெரிதாக ஒரு பட்டன் வைத்திருக்கிறோம். ஒருத்தரும் அதைத் தொடுவதில்லை. வருகிறவர்கள் எந்தச் சமூகம் என்று கேட்டு, அதே சமூகத்தில் கடைசியாக அடித்த கார்டைத் திறந்து, அதன் மேலேயே பெயர்களை மாற்றுகிறார்கள். மேலே எந்தச் சாமி, தாத்தா பாட்டி பெயர் எங்கே, மாமன் பெயர் எங்கே, எல்லாம் அதில் தயாராக இருக்கிறது. அக்கா மட்டும் இல்லை, எல்லாக் கடையிலும் இப்படித்தான். பழைய வீட்டு அப்பா இறந்தவர், புது வீட்டு அப்பா இருக்கிறவர். பெயர் மாறியது, முன்னால் இருந்தது மாறவில்லை. அக்காவுக்குப் பின்னால் ஒரு குடும்பமே நின்றுகொண்டு, சித்தப்பா பெயர் முதலில் வர வேண்டும், இல்லை பெரியப்பா பெயர் என்று சண்டை போடும்போது யாராக இருந்தாலும் விட்டுப்போகும்.

ஆபீசுக்கு வந்து ஒரு வாசகம் எழுதினேன். பழைய கார்டின் மேல் புதுப் பெயர் அடித்ததும் திரைக்கு நடுவில், மணிச் சத்தத்தோடு, பெரிய எழுத்தில் வரும்படி. ‘இவர் காலமானவரா? ஆம். இல்லை.’ சுருக்கமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. எனக்கு ரொம்பத் திருப்தி. புரோகிராமர்கூட, இது மேட்டர், என்று ஒத்துக்கொண்டார். அந்தக் கடைக்கு மட்டும் முதலில் போட்டுப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்ல, நானே எடுத்துக்கொண்டு போனேன்.

அன்றைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். ஒரு காலத்தில் வயல் வைத்திருந்தவர்கள், இப்போது ஜிஎஸ்டி ரோட்டில் கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையுடைய அம்மா தட்டில் வெற்றிலை பாக்கு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய பேப்பர், எல்லாம் முறையாகக் கொண்டுவந்திருந்தார். அக்கா மாப்பிள்ளையின் அப்பா பெயரை அடித்தார். அந்த அப்பா பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். டிங் என்று மணி அடித்தது. என் வாசகம் திரை நிறைய வந்து நின்றது.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன்தான் பேசினார். “இன்னாமா இது? நல்ல காரியத்துக்கு வந்தா, ஆளு கீறாரா பூட்டாரான்னு மிசினு கேக்குது?”

அவ்வளவுதான். மஞ்சள் தடவிய பேப்பரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். பாய் வாசல்வரை பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. திரும்பி வந்து என்னை ஒன்றும் சொல்லவில்லை, நான் வெளியாள். அக்காவிடம்தான், ஆடி முடிந்ததும் கணக்கு முடித்துக்கொள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஆனி என்பதை ஆடி ஆக்கியதே அவருக்கு இருந்த இரக்கம் என்று நினைக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உதவி செய்யப் போய் உபத்திரவம் ஆனேன். அக்காதான் எனக்கு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, அழாதீங்க மேடம், டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

திரும்பும்போது ரயில் வண்டலூரைத் தாண்டுகிற இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நான் எழுதிய பெட்டியை முதல்முதலாக ஒரு அறையில் இருந்த எல்லாரும் படித்திருக்கிறார்கள்! அம்மா படித்தார், மாமன் படித்தார், பின்னால் நின்ற சின்னப் பெண்கூடப் படித்தாள். படிக்காதவர் அக்கா ஒருத்தர்தான், அவர் பேப்பரைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளும் நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவருக்கே எழுதிக்கொண்டிருந்தேன். திரையைப் பார்ப்பவர்களோ அவருக்குப் பின்னால் நிற்கிறவர்கள். எந்த அப்பா உயிரோடு இருக்கிறார், எந்தத் தாத்தா இல்லை என்பது அவர்களைவிட எங்கள் சாஃப்ட்வேருக்கா தெரியப்போகிறது? அவர்களைக் கேட்டால் போதும். எப்படிக் கேட்பது என்பதுதான் என் வேலை.

ஆடி மாதம் பிரஸ்காரர்களுக்கு ஓய்வு, எங்களுக்கு வேலை. கீழே பாத்திரக்கடையில் ஆடித் தள்ளுபடி என்று காலையிலிருந்து ஒலிபெருக்கி கத்தும். மேலே நானும் புரோகிராமரும் அதற்கு மேல் கத்துவோம். ‘அடைமொழியைச் சரிபார்க்கவும்’ என்று ஒன்று எழுதினேன், பரீட்சை மாதிரி இருந்தது. ‘பழைய விவரம் மீதமுள்ளது’ என்று ஒன்று, மின்சார பில் மாதிரி இருந்தது. மங்கலமான இடத்தில் போய்ச் சாவைப் பற்றிப் பேசாமல் அந்த விஷயத்தைக் கேட்க வேண்டும். ஒரு மத்தியானம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தது: ‘இவரை எப்படி அழைக்கலாம்?’ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் அடித்தேன்.

மணியை எடுத்துவிட்டோம். நடுத் திரையில் வருவதையும் எடுத்துவிட்டோம். பெயர் அடிக்கிற வரிக்குப் பக்கத்திலேயே, இளமஞ்சளில், சின்னதாக இந்த ஒரு கேள்வி. கீழே உயர்திரு, திரு, டாக்டர், ஹாஜி என்று வரிசையாக. கடைசியில், அதுவும் ஒன்று என்பதுபோல, தெய்வத்திரு. பழைய கார்டிலிருந்து வந்த எழுத்தெல்லாம் சாம்பல் நிறத்தில் இருக்கும், ஒவ்வொன்றாகப் பதில் சொன்னால்தான் கறுப்பாகும், சாம்பல் மீதி இருந்தால் பிரின்ட் போகாது. இந்தச் சாம்பல் விஷயம் புரோகிராமருடைய யோசனை. என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டுவந்தார். நான் பாராட்டியதும், தலையைச் சொறிந்துகொண்டு, அந்த அம்மா வேலை போகக் கூடாது இல்ல மேடம், என்றார். அவர்மேல் எனக்கு இருந்த பாதிக் கோபம் அன்றைக்குப் போய்விட்டது.

ஆவணிக் கல்யாணங்களுக்குக் கார்டு அடிக்க ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள், அதற்கு முன்னால் ஆடியில் யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு நான் காலையிலேயே கூடுவாஞ்சேரியில் இருந்தேன். பாய் என்னைப் பார்த்து வாங்க என்று சொன்னதோடு சரி. அக்கா புதுப் புடவையில் வந்திருந்தார்.

முதலில் வந்த குடும்பம் திரையைப் பார்த்ததும் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. எப்படி அழைக்கலாமா, உயர்திரு போடுங்க என்று தாத்தாவே சொன்னார். ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் என்று சேர்க்கணும் என்றார் அவர் தங்கை. மாமன் தனக்கும் உயர்திரு கேட்டார், அத்தை கேலி செய்தார், கடையே கலகலப்பாகிவிட்டது. சாம்பல் எழுத்து ஒவ்வொன்றாகக் கறுப்பாகிக்கொண்டு வந்ததை அந்த வீட்டுக் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இப்படியே இன்னும் சில குடும்பங்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து, என்னை யாராவது பாராட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளுக்குத்தான் கல்யாணம். கூட வேறு யாரும் இல்லை. அக்கா பழைய கார்டு ஒன்றைத் திறந்து, பெண்ணின் அப்பா பெயர் வரிக்குப் போனார். பக்கத்தில் என் கேள்வி வந்தது. இவரை எப்படி அழைக்கலாம்?

அம்மா அதைப் படித்தார். படித்துவிட்டு முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அந்த மகள் அம்மாவின் தோளைத் தொட்டாள். ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லையே! இருக்கிறவரை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது என்பதிலேயே இருந்தேன். இல்லாதவரைப் பற்றி அவர் பெண்டாட்டியிடமே கேட்டுக்கொண்டு அந்த மஞ்சள் பெட்டி நின்றது. பாய் தன் மேஜையிலிருந்து எழுந்துவிட்டார்.

அக்கா திரையைத் தன் பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டார். எழுந்து, தன் நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் போட்டார். “உக்காருங்கம்மா. பேரை மட்டும் இனிஷியலோட சொல்லுங்க, போதும். முன்னாடி போடறத நான் பார்த்துக்கறேன்.”

சொல்லப் போனது மகள்தான். அந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். புருஷன் பேரை வாயால் சொல்லாத தலைமுறை அது, இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். நிமிர்ந்து உட்கார்ந்து, இனிஷியலோடு, நிறுத்தி நிறுத்தி, தெளிவாகச் சொன்னார். அக்கா நின்றுகொண்டே அடித்தார். பிறகு மெல்ல, அப்பாவுக்குக் கொஞ்சம் பெரிய எழுத்தா வைக்கட்டுமா என்று மகளிடம் கேட்டார். வைங்க என்றாள் அவள். மாதிரி பிரின்ட் வந்ததும் அம்மா அதை வாங்கி, அந்த வரியை மட்டும் பார்த்தார், நல்லா இருக்கு என்றார்.

அவர்கள் படி இறங்கிப் போகிறவரைக்கும் பாய் வாசலில் நின்றார். உள்ளே வந்து போனை எடுத்து, ஆவணிக்குப் பார்த்துவைத்திருந்த புது ஆளைக் கூப்பிட்டார். தம்பி, நான் சொன்ன வேலைக்கு ஆள் இருக்காங்கப்பா, நீ வேற எடம் பார்த்துக்க என்று சொல்லி வைத்துவிட்டார். அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“ஏம்மா, ஆவணி பூரா கல்யாணம் வருது. லீவு கீவுன்னு கேட்டுடாதம்மா.”

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே காத்திருந்தவர்களை உள்ளே வரச் சொன்னார்.